பொருள் விபரம்

கோட்டைக்குள் கான் வெட்டினார்கள்,
கச்சேரியின் பின்பக்கம்,
காணிக்கிளை யன்னலுக்குக் கீழே.
மாரிக்கு முன்னம் முடியவேணும் என்று
கொந்தராத்துக்காரர் காலையிலேயே கத்திவிட்டுப் போயிருந்தார்.
பதினொரு மணியிருக்கும்.
ரமணீதரனின் அலவாங்கு எதிலோ பட்டது.
கல்லின் சத்தம் இல்லை.
குனிந்து மண்ணை வழித்தவன்
கையை உதறிக்கொண்டு மேலே பாய்ந்தான்:
"மண்டை கா, மண்டை!"

வெளிறிய வளைவு ஒன்று,
உள்ளங்கை அகலம்.
எங்கள் ஊரில் மண்ணுக்குள் எது உருண்டையாய் இருந்தாலும்
முதலில் அது தலை.
பிறகுதான் தேங்காய், பிறகுதான் பானை.

மஞ்சள் நாடா வந்தது. பொலிஸ் வந்தது.
பதிவேட்டு அறையிலிருந்து சிவயோகமலர்
ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்தா.
தொண்ணூறாம் ஆண்டிலிருந்து
எங்கே கிடங்கு வெட்டினாலும் போய் நிற்கிறவ.
யாரும் அவவை விலகச் சொல்லவில்லை.
நாடாவை ஒரு விரலால் உயர்த்திப் பிடித்திருந்தா,
வேறு யாருக்கோ வழி விடுகிற மாதிரி.

சட்ட வைத்திய அதிகாரி முழங்காலில் இருந்து
பல் தீட்டும் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டினார்.
நீலத்தில் ஒரு கொடி வந்தது,
கொடியில் அரைப் பூ.
காது இல்லை.
கவிழ்ந்து கிடந்த கோப்பை.

சிலர் சிரித்தார்கள், பலமாகவே.
சிவயோகமலர் சொன்னா:
"அப்ப இதுவும் இல்ல."

பழைய தோம்புகளைப் படமெடுக்க ஒல்லாந்திலிருந்து வந்த மார்லூஸ்
ஒரு மாதமாய் என் மேசைக்கு எதிரே இருக்கிறாள்.
வந்த அன்று கன்டீனில் "கொப்" என்று விரலால் வளைத்துக் காட்டித்
தேத்தண்ணி கேட்டாள்.
எங்களிடமும் அந்தச் சொல் இருக்கிறது என்று
பெருமையாய் நான் மொழிபெயர்த்தேன்: கோப்பை.
பஸீனா சோத்துக்கோப்பை ஒன்றைக் கழுவித் துடைத்து
அவள் முன்னால் வைத்தாள்.
நாங்கள் கோப்பையில் சோறு தின்கிறவர்கள்.
குடிப்பது பேணியில், கிளாசில்.
கப்பலில் குழிவாய் ஏறிய சொல்
எங்கேயோ தட்டையாகி இறங்கியிருக்கிறது.
"அது அவங்கட சொல்லே இல்ல" என்றார்
பக்கத்து மேசை ஓவசியர் பார்த்தலட்,
"எங்கட கோப்பு. ஒல்லாந்தன் வரமுந்தியே
நாங்க இஞ்ச குடிச்சிட்டிருந்தம்."

இன்று கிடங்கின் விளிம்பில்
மார்லூஸ் மெதுவாய்ச் சொன்னாள்:
கொப் என்றால் தலையும்தான்.
மாட்டுத்தலை, மீன்தலை,
கோபம் வந்தால் மனிசன்ர தலை.
முதலில் கிண்ணம்.
சண்டையில் உடைந்த மண்டையோட்டை
யாரோ ஒருவன் கிண்ணம் என்றிருக்கலாம்,
சரியாய்த் தெரியாது என்றாள்.
பேர் எலும்புக்கு ஏறிவிட்டது,
இறங்கவேயில்லை.

எனக்கு வாய் உலர்ந்தது.
மண்டையும் ஒருகாலம் கலம்தான்.
பழந்தமிழில் அதில் கள் வார்த்தார்கள்,
இல்லாதவர்கள் அதை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார்கள்.
ஒன்றோடொன்று பேசாத இரண்டு மொழிகள்
ஒரே பிழையை விட்டிருக்கின்றன.
பிழைதானா அது?
நிரம்பும். கவிழும். விழுந்தால்
இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சத்தம்.

கான்ஸ்டபிள் படிவத்தை எடுத்தார்.
"பொருள்" என்ற இடத்தில்
வந்தவுடனேயே மண்டை என்று எழுதியிருந்தார்.
பேனாவால் வெட்டிக் கோப்பை என்று எழுதினார்.
சார்ஜன்ட் எட்டிப் பார்த்தார்:
"தின்னுறதா, குடிக்கிறதா?"
கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார்,
நான் மார்லூஸைப் பார்த்தேன்.

மற்றச் செருப்பைத் தேடிப் படியேறிக்கொண்டிருந்த சிவயோகமலர்
திரும்பாமலே சொன்னா:
"மண்டை எண்டே இரிக்கட்டும் மனே, வெட்டாத.
இன்னும் தோண்டி முடியல்ல."